வேடம் பூண்டவன் சொன்ன சொல்

மத்ரஸாக்களில் பிக்ஹு ஓதும் மாணவர்கள் தலாக்கின் பாடத்தை எட்டியதும், ஓரிடத்தில் தயங்கி நின்று உஸ்தாதின் முகத்தைப் பார்ப்பது வழக்கம். நிகாஹ், தலாக் முதலிய சில காரியங்கள் விளையாட்டாகச் சொல்லப்பட்டாலும் மெய்யாகவே நிகழ்ந்துவிடும் என்று ஹதீஸில் வந்திருக்கிறது. அங்ஙனமாயின், பாடம் நடத்தும் உஸ்தாதே எடுத்துக்காட்டுக்காக ஒரு நாளில் பத்துத் தடவை அச்சொல்லைத் தம் வாயால் மொழிகின்றாரே, அவர் இல்லறம் என்னாவது? மாணவர் வாய்விட்டுக் கேட்பதில்லை. புன்முறுவலிலேயே கேள்வி அடங்கியிருக்கும். இமாம்கள் இதற்கும் விடை கூறிச் சென்றுள்ளனர். அது ஹிகாயத், அதாவது, பிறனொருவன் சொல்லை எடுத்துரைத்தல். கதை சொல்பவன் கதையில் வரும் கணவனின் வாயாக நின்று சொல்லும் சொல், அவனுடைய சொந்த மனைவியைத் தீண்டாது.

விளையாட்டுக்கும் ஹிகாயத்துக்கும் இடையே என்ன வேறுபாடு? விளையாடுபவன் தன் பெயரில், தன் வாயால், தன் மனைவியை நோக்கியே பேசுகின்றான். பேசிய பின் பொருளை மட்டும் மறுக்கப் பார்க்கின்றான். சொல்லைச் சொந்தமாக்கிக் கொண்டு விளைவைத் தள்ளிவிட முடியாது என்பதால் ஷரீஅத் அவனைப் பிடித்துக்கொள்கிறது. எடுத்துரைப்பவனோ முதலிலிருந்தே அச்சொல்லைத் தனதாக்கிக் கொள்ளவில்லை. கேட்போரும் அதை அறிவர். எனவே அவன் விடப்படுகின்றான். நுட்பமான பகுப்பு இது. நாம் ஓதிய காலத்தில் இதற்கு மேல் ஒரு சிக்கல் எழும் என்று எண்ணியதில்லை.

இன்று எழுந்துள்ளது. ‘நான்’ என்று தன்மையிலேயே பேசுகின்றான். ஆனால் வேறொருவனாக நின்று பேசுகின்றான். கேட்பவரும் வேறொருவராக நின்றே கேட்கின்றார். இருவரும் உயிருள்ள மனிதர்கள். இது ஒரு நாள் கூத்தன்று. நான்கு ஆண்டு, பத்து ஆண்டு என நீள்கின்றது. இதை விளையாட்டு என்பதா, ஹிகாயத் என்பதா?

இக்கேள்வி நம்மிடம் வந்தது பச்சைமலை அடிவாரத்திலுள்ள துறையூரிலிருந்து. மலையிலிருந்து இறங்கும் புளியையும் முந்திரிக்கொட்டையையும் வாங்கி விற்கும் அன்பர் ஒருவர், திருச்சியில் பொறியியல் பயின்று முடித்த தம் மகனைப் பற்றி வருந்தினார். “ஹஜ்ரத், பகலில் என் மகனாக இருக்கிறான், இஷாவுக்குப் பிறகு கணினி முன் உட்கார்ந்தால் வேறு யாரோ ஆகிவிடுகிறான். நாலு வருஷமாக முகந்தெரியாத மனிதர்களிடம் பொய்ப்பெயரில் பொய் பேசிக்கொண்டிருக்கிறான்” என்பது அவர் முறையீடு. பணம் வைத்து ஆடும் ஆட்டமோ என்று முதலில் ஐயுற்றோம். அவ்வகைக்குத் தமிழக அரசு 2022-இல் ஒரு சட்டமும், பாராளுமன்றம் 2025-இல் ஒரு சட்டமும் இயற்றின. மைஸிர் என்னும் சூதின் ஹுக்மோ அவற்றுக்கு வெகுகாலம் முந்தியது. அதைப் பற்றிப் பேச நம்மிடம் வர வேண்டியதில்லை. இது அதுவன்று என்று பின்னர்த் தெளிந்தோம். பையனையே அழைத்து வரச் சொல்லிக் கேட்டறிந்தவற்றையும், அதன் பின்னர் நாமாகப் படித்தறிந்தவற்றையும் இங்குக் கூறுகின்றோம்.

1974-இல் அமெரிக்காவில் இருவர் பகடையும் காகிதமும் கொண்டு ஆடும் ஒரு கதை விளையாட்டை வெளியிட்டனர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று அதற்குப் பெயர். மேசையைச் சுற்றி அமர்ந்தோர் ஆளுக்கொரு பாத்திரமாகி, ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர் கதையை வளர்ப்பர். 1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள், பலர் ஒருங்கே புகுந்து உலவக்கூடிய கற்பனை நாடொன்றை எழுத்துகளாலேயே கணினிக்குள் அமைத்தனர். அவ்வழியில் வந்தவற்றுள் பெரும்புகழ் பெற்றது 2004-இல் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். அதில் மலையும் காடும் நகரமும் சந்தையும் உண்டு. பெரும்பாலோர் அதனுள் சண்டையிட்டுப் பொருள் சேர்க்கவே செல்கின்றனர். சிலர் மட்டும் கதைக்காகச் செல்கின்றனர். அவர்கள் தமக்கொரு பெயரும் குலமும் தொழிலும் வகுத்துக்கொண்டு, அப்பாத்திரமாகவே பேசி, அப்பாத்திரமாகவே மூத்து, சில வேளை அப்பாத்திரமாகவே மாண்டும் போகின்றனர். இவர்களுக்கென்றே தனி அரங்குகள் ஒதுக்கப்பட்டுள்ளன. நம் பையன் இத்தகையோரின் குழுவொன்றில் ஒரு ஹகீமாக, நோய் தீர்க்கும் மருத்துவனாக, நான்கு ஆண்டுகள் இருந்திருக்கின்றான்.

இவர்களிடையே வழங்கும் ஒழுங்குமுறைகளைக் கேட்டபோது நமக்கு வியப்புண்டாயிற்று. எழுதி வைத்த சட்டம் என்று சொல்ல முடியாது. ஆயினும் மீறினவனை ஒதுக்கிவிடுகின்றனர். முதலாவது, பிறன் பாத்திரத்தின் மீது எவனுக்கும் அதிகாரம் இல்லை. ‘உன் தலையை வெட்டினேன்’ என்று எழுதலாகாது. ‘உன்னை நோக்கி வாளை வீசினேன்’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வெட்டுண்டதா, தப்பியதா என்பதை அடுத்தவனே எழுதுவான். இரண்டாவது, ஆள் அறிந்ததைப் பாத்திரம் அறிந்ததாகக் கொள்ளலாகாது. அரண்மனையில் நஞ்சு வைத்த கதையை நீ திரையில் படித்திருந்தாலும், உன் ஹகீம் அங்கு இல்லையென்றால் அவனுக்கு அது தெரியாது. காழி தாம் நேரில் அறிந்ததைக் கொண்டு தீர்ப்பளிக்கலாமா, சாட்சியத்தைக் கொண்டுதான் அளிக்க வேண்டுமா என்று மத்ஹபுகளிடையே நிகழ்ந்த நெடிய வாதம் நம் நினைவுக்கு வந்தது. பையனிடம் அதைச் சொன்னோம். அவன் அதைத் தன் தோழர்களுக்குச் சொல்லப் போவதாகக் கூறி மகிழ்ந்தான். மூன்றாவதுதான் நம் ஆய்வுக்கு உயிரானது. பாத்திரமாகவன்றித் தானாகப் பேச வேண்டியபோது, சொல்லை இரட்டை அடைப்புக்குறிக்குள் இடுகின்றனர். ‘வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள், சற்றுப் பொறுங்கள்’ என்பது போன்றவை அடைப்புக்குள் வரும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதையை விட்டு வெளியே வந்து ஊராரிடம் பேசிவிட்டு மீண்டும் உள்ளே புகுவானே, அது போன்றதே இதுவும்.

இனி, பொய் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். அது புதியதன்று. அல்-ஹரீரீ (இறப்பு 1122) இயற்றிய மகாமாத்தை நம் மத்ரஸாக்களில் இன்றளவும் ஓதுகின்றோம். ஐம்பது மகாமாக்களிலும் அபூ ஸைத் என்னும் நாடோடிப் புலவன் வேடத்துக்கு மேல் வேடம் பூண்டு வருவான். அல்-ஹாரித் இப்னு ஹம்மாம் என்பவர் தாம் நேரில் கண்டதாக அதை அறிவிப்பார். இருவரும் ஆசிரியரின் கற்பனை. இல்லாத ஒருவர் அறிவித்ததாக எழுதுவது பொய்யன்றி வேறென்ன என்று பக்தாதின் இலக்கண மேதை இப்னுல் கஷ்ஷாப் (இறப்பு 1172) கடிந்துரைத்தார். இத்தகைய தாக்குதல் வரும் என்பதை ஹரீரீ முன்பே உணர்ந்திருந்தார் என்பது அவர் முன்னுரையால் விளங்கும். விலங்குகளைப் பேச வைத்துக் கதை எழுதியவர்களை எவரும் பொய்யர் என்று சொல்லவில்லையே என்று அவர் வாதிடுகின்றார். நரி பேசாது என்பது ஓதுவோனுக்கும் தெரியும், ஓதுவிப்போனுக்கும் தெரியும். பொய்க்கு ஏமாறுபவன் ஒருவன் வேண்டும். இங்கு அப்படி ஒருவன் இல்லை.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளிடையே துணியால் இறகு கட்டிய குதிரையொன்று இருந்த செய்தி அபூதாவூதில் வருகிறது. குதிரைக்கு இறகுண்டோ என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இருந்ததாகத் தாங்கள் கேள்விப்படவில்லையா என்று அன்னையவர்கள் திருப்பிக் கேட்க, கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்கு நபியவர்கள் சிரித்தார்கள் என்பது அச்செய்தி. அந்தச் சிரிப்பு இருக்கும்போது, கற்பனைக் குதிரையைக் கண்டு புருவம் நெரிக்க நாம் யார்? நம் முன்னோரும் நெரித்தாரில்லை. அசன் அலிப் புலவரின் ஐந்து படைப்போரும், விறகு வெட்டியார் கிஸ்ஸா போன்றவையும் நம் தமிழில் தோன்றியிருக்கின்றன. மறுபக்கமும் உண்டு என்பதை மறைக்கவில்லை. மக்கத்துக் குறைஷியருள் நள்ரு இப்னு அல்-ஹாரித் என்பவன் ருஸ்தம், இஸ்பந்தியார் கதைகளைச் சொல்லி, இறைமறையைக் கேட்க விடாமல் மக்களைத் திசை திருப்பினான் என்று ஸீரா ஆசிரியர்கள் எழுதுகின்றனர். அவன் செய்த கேடு கதையில் இல்லை, அதைக் கொண்டு அவன் எதை மறைத்தானோ அதில் இருந்தது என்றே நாம் கொள்கிறோம்.

ஆகவே பொய் என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டோம். புளி வியாபாரியிடமும் அவ்வாறே கூறினோம். அவர் மறுத்துப் பேசவில்லை, ஒத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை.

பலர் கூடி, வேடம் பூண்டு, ஒரே கதையை ஆண்டாண்டாக நடத்திவருவது மேனாட்டார் கண்டுபிடித்த புதுமையன்று. திருச்சி மாவட்டத்தார்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசி மாதந்தோறும் பொன்னர், சங்கர் என்னும் அண்ணன்மார்க்கு விழா எடுக்கின்றனர். கொம்பன் என்னும் காட்டுப்பன்றியும் தலையூர்க் காளியின் பகையும் தங்கை தங்காளின் வாக்குப் பலிதமும் நிறைந்த அக்கதை, எவர் எழுதிய கற்பனைக்கும் இளைத்ததன்று. 1965-இல் பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் அறிஞர் காங்கேயத்தை அடுத்த ஊரொன்றில் அதைப் பாடக் கேட்டுப் பதிவு செய்தார். உடுக்கை ஒலிக்கப் பாடகர்கள் அதனைப் பதினெட்டு இரவுகள் பாடினர். கேட்பதோடு மக்கள் நின்றுவிடுவதில்லை. படுகளம் என்னும் நிகழ்ச்சியில், வீரர்கள் மாண்ட கட்டம் வரும்போது வேடமேற்றவர்கள் நினைவிழந்தாற்போல் மண்ணில் சாய்வர். தங்காளாக நிற்பவர் வந்து நீர் தெளித்து எழுப்பிய பின்னரே எழுவர். அவர்தம் சமயம் அவர்க்கு. அதற்குள் நாம் புகவில்லை. கதையின் உறவை மட்டும் நோக்குகின்றோம். பச்சைமலையில் வண்ணாடு, தென்புறநாடு முதலிய நாடுகளில் வாழும் மலையாளி மக்களும், தம் முன்னோரான அண்ணன் தம்பிமார் காஞ்சியிலிருந்து வந்து சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் பிரிந்து குடியேறினர் என்று வழிவழியாகக் கூறி வருகின்றனர். அண்ணன் தம்பி கதையென்றால் இப்பக்கத்து மண் காது கொடுத்துக் கேட்கும் போலும்.

படுகளத்தில் சாய்ந்தவனை எழுப்ப ஒருவர் வருகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். பதினெட்டாம் இரவு முடிந்ததும் விடிகிறது. உடுக்கையை உறையிலிட்டுப் பாடகன் புறப்படுகிறான். வேடத்தைக் கலைத்தவன் தன் பெயருக்குத் திரும்பி ஏர் பூட்டச் செல்கிறான். பழைய கதைக்கு விடியல் உண்டு. இணையத்துக் கதைக்கு அது இல்லை. இங்கு இரவென்றால் வேறொரு நாட்டில் பகல். யாரேனும் ஒருவர் எந்நேரமும் கதைக்குள் விழித்திருக்கிறார். இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் அமர்வதை நபியவர்கள் விரும்பவில்லை என்ற ஹதீஸுக்கு விளக்கம் எழுதியோர், கல்வி, விருந்தோம்பல் முதலியவற்றுக்கு விலக்களித்தனர். ஆனால் பஜ்ரு தவறுமளவுக்கு நீளலாகாது என்னும் எல்லையை விட்டுக்கொடுக்கவில்லை. நம் பையனிடம் நாம் கண்ட குறை இது ஒன்றே. அவன் பொய் பேசவில்லை. ஆனால் அவனை எழுப்ப எவரும் வரவில்லை. தானே எழ வேண்டியிருந்தது.

கதையின் உடைமையும் மாறிவிட்டது. அமீர் ஹம்ஸாவின் கதை அக்பர் காலத்தில் ஏறத்தாழ 1400 ஓவியங்களாகத் தீட்டப்பட்டது. லக்னோவின் நவல் கிஷோர் அச்சகத்தில் 46 பாகங்களாக வெளிவந்தது. 1928-இல் மீர் பாகிர் அலி மறைந்தபோது, தில்லியின் கடைசிக் கதைசொல்லி போய்விட்டார் என்று வருந்தினர். ஆயினும் 2005-இல் அதை மீண்டும் எடுத்துச் சொல்வோர் தோன்றினர், ஏனெனில் அது எவர் பெட்டியிலும் பூட்டப்படவில்லை. இணையத்து நாடுகளோ கம்பெனிகளின் சொத்து. 2011 டிசம்பரில் ஸ்டார் வார்ஸ் காலக்ஸிஸ் என்பதையும், 2012 நவம்பரில் சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்பதையும் அவற்றை நடத்தியோர் மூடினர். பல்லாண்டு வளர்ந்த கதைகள் கணக்குத் தீர்ப்பதைப் போல ஒரு நாளில் தீர்க்கப்பட்டன.

இவ்வளவும் கூறிய பின்னும் தொடக்கத்துக் கேள்வி அப்படியே நிற்கிறது. வேடத்தில் நின்று ‘நான்’ என்றவனின் சொல்லுக்குப் பொறுப்பு எவ்வளவு? இங்கு நாம் நார்வே நாட்டுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் பிறவி நோயுடையவர். சிறு வயதிலேயே சக்கர நாற்காலியில் அமர்ந்துவிட்டார். தம் வாழ்வின் பிற்பகுதியில் பெரும்பொழுதை வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டிலேயே கழித்தார். பெற்றோர் மனம் நொந்தனர். மகன் நட்பையும் அன்பையும் அறியாமலே போகின்றானே என்பது அவர்கள் துயரம். 2014 நவம்பரில் தம் 25-ஆம் வயதில் அவர் இறந்தார். இறப்புச் செய்தியை மகன் எழுதி வந்த இணையப் பக்கத்தில் தந்தை வெளியிட்டார், படிப்பவர் எவரேனும் உளரோ என்னும் ஐயத்துடனே. பல நாடுகளிலிருந்து கடிதங்கள் குவியத் தொடங்கின. ஆஸ்லோவில் நடந்த இறுதிச் சடங்குக்குச் சிலர் கடல் கடந்தும் வந்தனர்.

அவர்கள் அறிந்தது மாட்ஸை அல்ல. ஐபலின் என்னும் துப்பறியும் பிரபுவை. ஸ்டார்லைட் என்ற கதைக்குழுவில் அப்பெயரில் அவர் எட்டு ஆண்டுக் காலம் வாழ்ந்திருந்தார். அக்குழுவினர் பேசியவற்றின் பதிவு பல்லாயிரம் பக்கங்களுக்கு எஞ்சியிருந்ததால், அவர் என்ன செய்தார் என்பதைப் பின்னர் அறிய முடிந்தது. 2024-இல் அதைக் கொண்டு ஒரு திரைப்படமும் வெளிவந்தது. நெதர்லாந்துப் பெண்ணொருத்தியின் கணினியைப் பெற்றோர் பறித்துவிட்டபோது, அவள் மனச்சோர்வை விளக்கி அவர்களுக்கே மாட்ஸ் கடிதம் எழுதினார். மகனோடு நெருங்க இயலாது தவித்த ஒரு தாய்க்கு, அவன் உலவும் கதைக்குள்ளேயே சென்று அவனைச் சந்திக்கும் வழியைக் காட்டினார். ஓட முடியாதவர் உருவாக்கிய ஐபலின் நாள்தோறும் ஓடினான். ஆண்டுதோறும் அவர் நினைவு நாளில் குழுவினர் அப்பாதையில் ஓடுகின்றனர்.

இதில் எது ஹிகாயத், எது மெய்? பிரபுவும் வாளும் ஓட்டமும் ஹிகாயத். அந்தத் தாய்க்குச் சொன்ன யோசனை மெய். அதைச் சொன்ன வாய் ஒன்றே. அடைப்புக்குறிக்கு உள்ளே இருப்பது நான், வெளியே இருப்பது கதை என்று கோடு கிழித்துத் தீர்ப்பெழுதிவிட நாம் எண்ணியிருந்தோம். இவர் வாழ்வு அக்கோட்டை அழித்துவிடுகின்றது. ஆண்டுக்கணக்கில் ஒருவர்க்கு இரங்கிப் பேசிய இரக்கம், எந்தப் பெயரில் பேசப்பட்டாலும் பேசியவனுடையதே. கோபமும் அப்படித்தான். வேடத்தில் நின்று ஒருவரை நாள்தோறும் இழிவு செய்துவிட்டு ‘அது நானன்று, என் பாத்திரம்’ என்பவன், விளையாட்டாகத் தலாக் சொன்னவனின் பக்கமே நிற்கின்றான்.

இடர்ப்பாடான ஓரிடமும் இவ்வாழ்வில் இருக்கிறது. மாட்ஸ் தம் நோயை நெடுங்காலம் நண்பர்களிடம் மறைத்திருந்தார். அது ஏமாற்றாகாதா? தன் உடலின் நிலையை வெளியிடுவதும் வெளியிடாதிருப்பதும் ஒருவனின் உரிமை. கேட்கப்படாததைச் சொல்லாமை பொய்யாகாது என்பதே நம் முதற்கருத்து. ஆனால் அன்பு வளர வளர அந்த உரிமை சுருங்குகின்றது என்றும் தோன்றுகிறது. தம்மிடம் மனத்துயர் அனைத்தையும் கொட்டியவர்களிடமிருந்து தம் துயரை மட்டும் அவர் எடுத்து வைத்துக்கொண்டார். கடைசி ஆண்டுகளில் அவரே தம் நோயைப் பற்றி எழுதினார். எவரும் வற்புறுத்தாமலே அவர் அக்கடனை உணர்ந்தார் என்று நாம் எண்ணுகின்றோம். நோயுற்றவரின் நெஞ்சத்தை அதற்கு மேல் துருவுவது அதபு அன்று.

துறையூர்ப் பையனுக்குக் கத்தார் நாட்டில் வேலை கிடைத்தது. புறப்பட இரண்டு வாரமே இருந்த நிலையில் அவன் தனியே வந்து ஒன்று கேட்டான். அங்குச் சென்றால் இரவு வேலை. கதையைத் தொடர இயலாது. தோழர்களிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டுமா? அத்தா வேண்டாமென்கிறார்; கணினியை மூடினால் முடிந்தது, நிழல்களிடம் ஸலாம் சொல்லி விடைபெற என்ன இருக்கிறது என்பது அவர் கேள்வி.

நாம் சொன்னது இது. உன் ஹகீம் கதைக்குள் அளித்த வாக்குறுதிகள் உன்னைக் கட்டா. இளவரசனுக்கு மருந்து தேடித் தருவதாகச் சொன்னாயே, அதற்கு மறுமையில் உன்னிடம் கேள்வி இல்லை. வெள்ளிக்கிழமை இரவு வருகிறேன் என்று இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதினாயே, அது உன் வாக்கு, அதற்கு உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவில், நான்கு ஆண்டுகளாக உன்னை எதிர்பார்த்துக் கதையில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு எழுதிப் பழகிய நான்கைந்து பேர் இருக்கின்றனர். காத்திருப்பவன் நிழலல்லன். நீ வாராத இரவுகளில் அவர்கள் உனக்கு என்ன நேர்ந்ததோ என்று அஞ்சுவர். உன் ஊரும் பேரும் அறியாததால் விசாரிக்கவும் வழியிராது.

அவன் ஒரு வியாழன் இரவு விடைபெற்றான். அதையும் கதைக்குள்ளேயே நடத்தினார்களாம். ஹகீம் தன் மருந்துப் பேழையை இளையவள் ஒருத்தியிடம் ஒப்படைத்து, எந்தச் சிமிழில் எது இருக்கிறதென்று சொல்லிக் கொடுத்தான். அதற்கே ஒரு மணி நேரம் பிடித்தது. பின் கோட்டை வாயிலைக் கடந்து வடக்கு மலைப்பாதையில் நடந்தான். மற்றவர்கள் பாதி தூரம் உடன் வந்து நின்றுகொண்டனர். திருப்பத்தில் மறைவதற்கு முன் அவன் இரட்டை அடைப்புக்குறியிட்டுத் தன் மெய்யான பெயரையும், தகப்பனார் பெயரையும், துறையூர் என்பதையும் எழுதினான். சற்று நேரம் எவரும் ஒன்றும் எழுதவில்லை. பிறகு ஒவ்வொருவராக அவரவர் பெயரை எழுதினர்.

அவர்களுள் ஒருவர் இலங்கை மட்டக்களப்பைச் சேர்ந்த பள்ளி ஆசிரியராம், வயது அறுபத்திரண்டு. நான்கு ஆண்டுகளும் கதையில் அவருக்குப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் வேடம். ஹகீமை ‘மாமா’ என்று அழைத்து வந்தவர் அவர்தாம்.